இம்பாலாவின் நம்பரைத் தேய்த்தவர்

செல்வநாதனை நான் முதலில் பார்த்ததே அவரிடம் திட்டு வாங்கிய அன்றுதான். 2003-ஆம் வருஷம். வண்டிகள் பதிவு செய்யும் ஆபீஸுக்கு எதிரே, ஒரு ஏஜெண்டின் கடையில் படிவங்களைக் கம்ப்யூட்டரில் அடிக்கும் வேலை எனக்கு. எங்கள் ஊரில் முதல் பட்டதாரி நான். நான் அடித்தால் தப்பு வராது என்று ஒரு தெம்பு. ஒல்லியாக, மார்பில் சிலுவை டாலர் ஆட, ஒரு ஆள் விறுவிறுவென்று உள்ளே வந்து காகிதத்தை என் மேஜையில் போட்டார்.

"யார்பா இத்த அடிச்சது? இது இன்னா, சைபரா, ஓ-வா?"

"ஓ தான் சார்."

"பதினேழு எழுத்து சேஸிஸ் நம்பர்ல ஓ வராது நைனா. ஐ வராது, க்யூ வராது. இம்மாம் படிச்சிகிறே, இது தெரியாதா?"

தெரியாது. பெரிய எழுத்தில் பட்டம் ஒன்று வீட்டுச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது, அதில் இது இல்லை. திருத்தி அடித்துக் கொடுத்தேன். அதற்குள் அவர் கடைக்கும் வாசலுக்கும் நான்கு தடவை நடந்துவிட்டார். கீழே சொல்லப்போவது அதற்குப் பிறகு அவரே பல நாள், நின்றபடியே சொன்னது. அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அவர் தொழிலுக்கு ஊரில் ஒரே பெயர்: பென்சில் பிரிண்ட். பேர் மாற்றவோ எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்கவோ ஒரு வண்டி வந்தால், அதன் இன்ஜினிலும் சேஸிஸிலும் குத்தியிருக்கும் எண்ணின்மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எண் அப்படியே ஏறும். அதை டேப் போட்டு படிவத்தில் ஒட்ட வேண்டும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை லாரி, டேங்கர், வேன் என்று பதினெட்டு வருஷம் தேய்த்தவர். ஆபீஸ் யார்டுக்குள் கேட்டைத் தாண்டிப் போய்வர அவருக்கு வாய்மொழி அனுமதி. சோறு அதில்தான்.

மற்ற பிரிண்ட்காரர்கள் எண்ணை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். செல்வநாதனுக்கு அந்த எண் என்ன சொல்கிறது என்று தெரிந்தாக வேண்டும். கல்மண்டபம் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில், கப்பல்காரர் யாரோ போட்டுவிட்டுப் போன அமெரிக்கக் கார்ப் புத்தகம் ஒன்று கிடைத்தது. எந்த எண்ணுக்கு எந்த இன்ஜின், எந்த எழுத்துக்கு எந்த கியர்பாக்ஸ், எந்தக் குறிக்கு எந்தச் சீட்டுத் துணி என்று பக்கம் பக்கமாக அட்டவணை. எழுத்துக் கூட்டிக் கூட்டி நான்கு வருஷம் படித்தார்.

"பத்துக் கட்டளைய வரிசையா சொல்லுன்னா மூணாவதுலயே முழிப்பாரு," என்பார் மனைவி ஃப்ளோரா. "அமெரிக்காக்காரன் வண்டி நம்பர கேளு, மூச்சு வுடாம ஒப்பிப்பாரு."

பனைமரத்தொட்டியில் ரஹீமுன்னிசா என்று ஒரு அம்மாள். அவர் கணவர் எழுபதுகளில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி மேனேஜரிடம் வாங்கிய இம்பாலா, 67-ஆம் வருஷத்து வண்டி, கல்யாண ஊர்வலங்களுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கணவர் போன பிறகு வண்டியைத் தன் பேருக்கு மாற்ற வேண்டும். ஆடி போய் முகூர்த்தங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. அந்த வண்டிதான் அவர் வீட்டு அடுப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை செல்வநாதன் போனார். கொட்டகைக்குள் வண்டியைப் பார்த்ததுமே அவருக்குக் கை பரபரத்தது.

"நெசமா அந்த ஸ்பெஷல் எஸ்.எஸ். மாடல்தானா தம்பி?" என்று ரஹீமுன்னிசா கேட்டார். "சும்மா பேட்ஜ் ஒட்டிகிறாங்கன்னு எல்லாம் கிண்டல் பண்றானுங்க."

"பேட்ஜ எவன் வேணா ஒட்டுவான்க்கா." டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கீல் மாட்டிய தூணில் இருந்த தகட்டைத் துடைத்தார். "பாத்தீங்களா, ஒண்ணு, ஆறு, எட்டு. ஒண்ணுன்னா கம்பெனி. அடுத்த ரெண்டும் அறுபத்தி நாலுன்னு இருந்தா எட்டு சிலிண்டரு, ஆனா சாதா இம்பாலா. அறுபத்தெட்டுன்னா எட்டு சிலிண்டரு எஸ்.எஸ். பொறக்கும்போதே எஸ்.எஸ்.க்கா இது!"

"என் வூட்டுக்காரரு இருந்து கேக்காம பூட்டாரே," என்றார் அந்த அம்மாள்.

சேஸிஸ் பிரிண்ட் ஏறிவிட்டது. இன்ஜின் நம்பர்தான் ஏறவில்லை. வலது பக்கம், சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் சின்ன மேடை மாதிரி ஓரிடம், அங்கேதான் எண். கடல் காற்றில் துருவேறிக் கிடந்தது. பெட்ரோல் துணியால் துடைத்தும் தாளில் வெறும் கறுப்புதான். எர்ணாவூரில் இரண்டு டேங்கர் அவருக்காக நின்றுகொண்டிருந்தது. ஃபோன் வேறு இரண்டு தடவை அடித்துவிட்டது. சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் உப்புத்தாளை எடுத்து, லாரியில் தேய்க்கிற மாதிரி நாலு இழுப்பு இழுத்தார்.

தாளில் எண் பளிச்சென்று ஏறியது. ஏறிய பிறகுதான் அந்த மேடையைக் குனிந்து பார்த்தார்.

அந்த மேடையை ஃபாக்டரியில் சீவும்போது நுண்ணிய கோடுகள் விழும். எண்ணைக் குத்துவது அந்தக் கோடுகளின்மேல். கோடு இருந்தால் எண் அசல். கோடு இல்லாவிட்டால் யாரோ அராவிவிட்டுப் புதிதாகக் குத்தியிருக்கலாம். இதை இருபது பேருக்காவது வாய் வலிக்கச் சொன்னவர் அவர். நாலு இழுப்பில் கோடெல்லாம் போய்விட்டது.

'எவன் பாக்கப்போறான்' என்று தனக்கே சொல்லிக்கொண்டு எர்ணாவூர் கிளம்பினார்.

பார்த்தவர் வேலப்பன். கோயம்புத்தூரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த பிரேக் இன்ஸ்பெக்டர். திங்கட்கிழமை யார்டில் டார்ச்சும் லென்சுமாகக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"நம்பர் புத்தம்புதுசா இருக்குதுங்களே," என்றார் கடைசியில். "இது அறுபத்தி ஏழுல அடிச்சதுங்களா, இல்ல போன வாரம் அடிச்சதுங்களா?"

"அல்லா மேல ஆணையா அதே இன்ஜின்தான் சார்!" என்றார் ரஹீமுன்னிசா.

"இருக்கலாமுங்க. தடயவியல் லேப்புக்கு எழுதணும். போலீஸுக்கும் ஒரு கடுதாசி போடோணும். பதில் வர்ற வரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டும்."

அந்த அம்மாள் செல்வநாதன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தம்பி. நீதானே பாத்தே?"

செல்வநாதன் கேட்டைப் பார்த்தார். எண்ணைச் சுரண்டவோ உப்புத்தாளால் தேய்க்கவோ செய்தால் யார்டுக்குள் நிரந்தரத் தடை என்று அங்கே போர்டு. எல்லோரும் தேய்ப்பதுதான். யாரும் சொல்வதில்லை.

"பழைய வண்டிக்கா... சார் பாத்துக்குவாரு," என்றார்.

அன்று அவர் கால் தரையில் தரிக்கவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறினார், இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கினார். திருவொற்றியூர் வரை நடந்தார், எதற்கென்று தெரியாமல் திரும்பினார். டீ வாங்கி ஒரு மடக்கோடு வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்தும் கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடைதான்.

"பேன்ட்டுக்குள்ள எறும்பு பூந்துகிச்சா?" என்றார் ஃப்ளோரா. "குந்து, இல்லாங்காட்டி விஷயத்த சொல்லு."

சொன்னார்.

"அந்தம்மாவ திருடின்னு எழுதப் போறாங்க, நீ பாத்துகினு வந்தே?"

"நான் வாயத் தொறந்தா கேட்ட மூடிடுவாங்கடி. அப்புறம் எங்க பூவ்வாக்குப் போறது?"

"தொறக்காங்காட்டி?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப பேஜாரே இல்லையே. வா, குந்தி துன்னு."

தட்டு வைத்தார். செல்வநாதனால் உட்கார முடியவில்லை.

மறுநாள் ஆபீஸ் திறக்கும் முன்னே கேட்டருகே நின்றார். வேலப்பன் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் சொல்லிவிட்டார்: "சார், நான்தான் தேய்ச்சேன்."

"என்னத்தைங்க?"

"இம்பாலா நம்பர. உப்புத்தாளு போட்டு."

வேலப்பன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே பார்த்தார். "நேத்து ஏன் சொல்லல?"

"பயம் சார்." பிறகு நிறுத்தாமல் பேசினார். "நம்பரு கோடு பூட்ச்சி. ஆனா இன்ஜின் பிளாக்க வார்த்த தேதி பின்னாடி கீது. அது அச்சுலயே வந்த எழுத்து, எவனும் மாத்த முடியாது. வாங்க சார், காட்றேன்."

வண்டியின் முன்பக்கம் ஏறிப் படுத்து, இன்ஜினுக்குப் பின்னால் கையை விட்டு, கிரீஸை வழித்தார். எல், ஒன்று, இரண்டு, ஆறு. எல் பன்னிரண்டாவது எழுத்து, டிசம்பர் மாதம். பன்னிரண்டாம் தேதி. கடைசி ஆறு, 66-ஆம் வருஷம். பாடியில் அறைந்திருந்த தகட்டில் சைபர், ஒன்று, பி. ஜனவரி இரண்டாவது வாரம்.

"டிசம்பர்ல வார்த்தது, ஜனவரில வண்டி கட்டிகிறான். வேற வண்டி இன்ஜினா இருந்தா இவ்ளோ கிட்டக்க பொருந்தாது சார்."

வேலப்பன் வெள்ளைச் சட்டையோடு குனிந்து, தன் விரலாலும் ஒரு தடவை தடவிப் பார்த்தார். சட்டையில் கிரீஸ் அப்பியது. போலீஸ் கடிதத்தைக் கிழித்தார். லேப் பதில் பிறகு வரட்டும், வண்டி போகலாம் என்று எழுதினார். அப்புறம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

"இப்ப சொன்னத உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"எனக்கு கேட்ட தொறப்பீங்களா சார்?"

"போர்டுல என்ன எழுதியிருக்குதுங்க?"

செல்வநாதன் நின்றபடியே எழுதினார்.

வண்டியை எடுக்க வந்த ரஹீமுன்னிசா நன்றி சொல்லவில்லை. "தேய்ச்சதும் நீ, நேத்து வாயப் பொத்திகினு நின்னதும் நீ. என் உசுரு பூட்டு வந்துச்சு தெரியுமா?" என்று எல்லார் முன்னாலும் பொரிந்து தள்ளினார். இம்பாலா கிளம்பியது. கண்ணாடியை இறக்கி, "ஏறு, வூட்டாண்ட வுடறேன்," என்றார். செல்வநாதன் ஏறவில்லை, நடந்து போனார்.

எண் மாற்றப்படவில்லை என்று லேப் பதில் நான்கு மாதம் கழித்து வந்தது. பேர் மாற்றும் படிவத்தை அடித்தது நான். தடை மட்டும் நீங்கவில்லை.

இப்போது 2008. செல்வநாதன் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு எடைமேடையில், உள்ளே வரும் லாரிகளின் நம்பரை எழுதும் வேலையில் இருக்கிறார்.