அலாரம் ஆஃப் ஆகும்வரை

அணில் என்று அவளுக்குப் பெயர் வைத்தது அம்மாவின் அண்ணன், இரும்புக்கடை மாமா. மூன்று வயதில் கைக்குக் கிடைத்த பென்சிலையெல்லாம் கொறித்துத் துப்பியதால் வந்த பெயர் அது. அந்த மாமாதான் பதினைந்து வருஷம் கழித்து, அவள் பல்கலைக்கழகத்தில் இங்கிலீஷ் படிக்கப் போகிறேன் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இங்கிலீஷ் படிச்சு என்ன பண்ணப் போற? வெள்ளக்காரனுக்கு லெட்டர் போடப் போறியா?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அப்பா வழியில் பெரியப்பா மகன் லாரி ஓட்டினான், அத்தை மகள் மருந்துக்கடையில் நின்றாள். அம்மா வழியில் எல்லோரும் இரும்பு, குழாய், மோட்டார் பம்பு. அத்தைக்கு ஓரகத்தி மகள் ஒருத்தி வக்கீல் ஆபீசில் டைப் அடித்தாள். இங்கிலீஷ் என்று தனியாக உட்கார்ந்து படித்தவர் இரண்டு வழியிலும் இல்லை.

"அப்ப டீச்சர் ஆகணும்" என்றார் மாமா.

"டீச்சர் மட்டும்தானா மாமா வேலை?"

"வேற என்ன இருக்கு, சொல்லு பாப்போம்."

அவளுக்கும் அப்போது சொல்லத் தெரியவில்லை. கடைசியில் ஒரு பேச்சு முடிவானது. மூன்று வருஷமும் முடிவதற்குள் கையில் வேலை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபேச்சில்லாமல் மாமா கடை கல்லாவில் வந்து உட்கார வேண்டும். அணில் தலையாட்டிவிட்டாள். மாமா பேச்சு மாறாதவர். அவளும் அந்த வம்சம்தானே.

முதல் வருஷம் ஒரு காரியம் நடந்தது. அவள் அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகளைக் காயவைக்க, ஆள் உயரத்துக்குப் புது மெஷின் ஒன்று வந்து இறங்கியிருந்தது. அன்றைக்கென்று பார்த்து அப்பா மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போக, அணில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

உள்ளே நுழைந்தால் காது கிழிகிறது. மெஷின் வீல் வீலென்று கத்திக்கொண்டிருக்க, ஆறு பேர் காதைப் பொத்திக்கொண்டு அதன் முன்னால் நிற்கிறார்கள். நடுவில் மேஸ்திரி, கையில் மெஷினோடு வந்த புத்தகம்.

"என்னப்பா ஆச்சு?" என்று கத்தினாள்.

"ஆஃப் ஆகட்டும்னு நிக்கிறோம்மா" என்று அப்பாவும் கத்தினார். "ஆஃப் ஆனதும் கதவத் தொறக்கணும்னு போட்டிருக்காம். அரை மணி நேரமா ஆஃபே ஆவல."

அவள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். அலாரம் 'கோஸ் ஆஃப்' ஆகும்வரை காத்திரு, பிறகு கதவைத் திற என்று இருந்தது. இங்கிலீஷ்காரன் பாஷையில் அலாரம் ஆஃப் ஆகிறது என்றால் அடிக்க ஆரம்பிக்கிறது என்று பொருள். நம் ஆட்களுக்கோ ஆஃப் என்றால் நின்றுபோவது. சுவிட்சில் அப்படித்தானே எழுதியிருக்கிறது? கதவைத் திறந்தால்தான் மெஷின் வாயை மூடும். மெஷின் வாயை மூடினால்தான் இவர்கள் கதவைத் திறப்பார்கள்.

"மேஸ்திரி மாமா, உடனே தொறங்க."

"அவன் ஆஃப்ங்கிறான், நீ ஆன்ல தொறங்கிற. எவன நம்புறது?"

அப்பா எவனையும் பார்க்கவில்லை. போய்க் கதவை இழுத்தார். சத்தம் நின்றது. உள்ளே இருந்த வெள்ளை விரிப்பெல்லாம் டீயில் முக்கி எடுத்த நிறத்தில் இருந்தது.

அதோடு மறந்தும் போனாள். படிப்பு அப்படி அவளை இழுத்துக்கொண்டு போயிற்று. வகுப்பில் ஒரே வரியை ஒரு மணி நேரம் பிரித்துப் போட்டுப் பேசினார்கள். ஒரு சொல் இடம் மாறினால் பொருள் எங்கே போய் விழுகிறது என்று பார்ப்பதில் அவளுக்குப் பசி தெரியவில்லை. மூன்றாம் வருஷம் கம்பெனிக்காரர்கள் ஆள் எடுக்க வந்தபோதுதான் இத்தனை வாசலா என்று மலைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தவள் சினிமாவுக்கு அடியில் ஓடும் எழுத்துகளை எழுதப் போனாள். எப்போதும் தூங்கி வழிகிறவன் பத்திரிகையில் பிழை பார்க்கப் போனான், அங்கேயாவது விழித்திருப்பான் என்றார்கள். இன்னொருத்தி சட்டம் படிக்கக் கிளம்பினாள்.

அணிலுக்கு எதுவும் அமையவில்லை. கடைசியாக வந்தது ஒரு மெஷின் கம்பெனி. மெஷினோடு போகும் புத்தகத்தை எழுத ஒரே ஒரு ஆள் வேண்டும். அதுவும் போனால் கல்லாதான்.

ஒரு பக்கத்தைக் கொடுத்து, பத்துப் பிழை இருக்கிறது, கண்டுபிடி என்றார்கள். ஏழு கண்டுபிடித்தாள். எட்டாவதைத் தேடும்போது கண்ணில் பட்டது அந்த வரி. சலவைக்கூடத்தில் பார்த்த அதே அலாரம், அதே ஆஃப். பேனா தானாகப் போய் அதை அடித்தது. மீதி நேரமெல்லாம் அதை மாற்றி எழுதுவதிலேயே போயிற்று. மணி அடித்துவிட்டது.

உள்ளே கூப்பிட்டார்கள். நரைத்த தலை அதிகாரி ஒருவர், பக்கத்தில் ஒரு அம்மா.

"மூணு பிழைய விட்டுட்ட" என்றார் அதிகாரி. "சரியா இருக்கிறத அடிச்சிருக்க. அந்த வரிய எழுதினவன் நான். அதுல இங்கிலீஷ் எங்க தப்பு?"

அணிலுக்கு எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்தது.

"இங்கிலீஷ் சரிதான் சார். துணிதான் கருகிப்போச்சு."

அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அணில் முழுவதையும் சொன்னாள். அதிகாரி நம்பவில்லை.

"அப்பா இப்ப வேலையிலதான இருப்பாரு? போனப் போடு. எல்லாரும் கேக்குற மாதிரி வை. நான்தான் கேப்பேன், நீ பேசக் கூடாது."

மணி போயிற்று. அப்பா எடுத்தார்.

"அலாரம் கோஸ் ஆஃப்னா என்னங்க அர்த்தம்?" என்றார் அதிகாரி.

மகளுக்குத்தான் ஏதோ பரீட்சை என்று அப்பாவுக்கு விளங்கிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அடிக்க ஆரம்பிக்கிறதுங்க. எம்பொண்ணு சொல்லிக் குடுத்தா."

அதிகாரி கையை விரித்தார். அணிலின் கண்ணுக்கு முன்னால் கல்லாப்பெட்டி வந்து நின்றது. போயும் போயும் அப்பா அன்றைக்குப் பார்த்துச் சரியாகச் சொல்லிவிட்டாரே.

"ஆனா சார்," அப்பா நிறுத்தவில்லை. "அந்த வரி இப்ப இங்க இல்லீங்க. புது ஆளு வந்தா மறுபடி காதப் பொத்திக்கிட்டு நிக்கிறான்னு, அன்னைக்குப் பொண்ணு மேஸ்திரிக்கு எழுதிக் குடுத்த சீட்ட மெஷின் மேல ஒட்டிட்டோம். ரெண்டு வருஷமா ஒரு துணி கருகலீங்க."

எழுதிக் கொடுத்ததே அணிலுக்கு நினைவில்லை.

"என்ன எழுதியிருக்கு?" என்று அந்த அம்மா கேட்டார்.

"சத்தம் கேட்டதும் கதவைத் திற. திறந்தால்தான் சத்தம் நிற்கும்."

அதிகாரி அந்தப் பக்கத்தை இழுத்துத் தன் வரியை ஒரு தரம் படித்தார், அணில் எழுதியதை ஒரு தரம் படித்தார்.

"நூத்துக்கணக்கான மெஷினு வித்திருக்கோம்" என்றார், தனக்குத்தானே. "எத்தன இடத்துல நின்னுட்டிருக்காங்களோ."

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டு, "பரீட்சை முடிஞ்ச மறுநாளே வந்துடும்மா" என்றார்.

படிக்கட்டை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள். பஸ்சில் உட்காரவே இல்லை, இடம் இருந்தும். நேரே மாமா கடைக்குப் போனாள். மாமா கல்லாவிலிருந்து எழுந்து, அவள் நீட்டிய வேலைக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப வெள்ளக்காரனுக்கு லெட்டர் போடல?"

"இல்ல மாமா. அவன் போட்ட லெட்டரத் திருத்தப் போறேன்."

மாமா மேஜைக்கு அடியில் துழாவி, மோட்டார் பம்போடு வந்த காகிதம் ஒன்றை எடுத்து, தூசி தட்டி அவள் முன்னால் விரித்தார்.

"இத வாங்கிட்டுப் போறவன்லாம் மறுவாரம் திரும்பி வந்து என்னையத் திட்டுறான். என்ன எழவு போட்டிருக்கான்னு பாரு."

அணில் கல்லா நாற்காலியில் உட்கார்ந்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கொறித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தாள்.