வயிற்றுக்கு ஒரு வரவு செலவுத் திட்டம்

கரம்பொன் அம்பலவாணர் கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோரின் கணக்குப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர். அவர் இருந்த காலம் முழுவதும் அந்தக் கந்தோர் ஒதுக்கிய பணத்துக்கு மேலே ஒரு சதமும் செலவழித்ததாகக் கடதாசியில் இல்லை. கடதாசிக்கு வெளியே நடந்தவை வேறு. கந்தோர்ப் பெரியவருக்குப் புதுக் கதிரை தேவைப்பட்டால் அது கூரை திருத்தும் செலவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெரியவரின் மனைவி நுவரெலியாவில் குளிர் அனுபவித்துவிட்டு வந்த செலவு எலி ஒழிப்புக்குள் அடங்கிவிடும். கணக்காய்வுக்கு வந்தவர்கள் அம்பலவாணரின் முத்து முத்தான கையெழுத்தைப் புகழ்ந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். ஒரு தலைப்பில் இல்லாததை இன்னொரு தலைப்பிலிருந்து எடுப்பது எப்படி என்பதை அவர் அளவுக்கு அறிந்தவர் திணைக்களத்தில் இருக்கவில்லை.

தலைமை எழுதுவினைஞராக ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது ஒரு பென்சனும் ஒரு தேக்கு அலுமாரியும் ஒரு வயிறும் கூடவே வந்தன. வயிறு மட்டும் ஓய்வு பெற மறுத்துவிட்டது.

அது எழுபத்து நான்காம் ஆண்டு. நாட்டில் சீனிக்குத் தட்டுப்பாடு, மாவுக்குத் தட்டுப்பாடு. கொழும்பில் சனம் பாணுக்கு வரிசையில் நிற்பதை அம்பலவாணர் காலையில் பத்திரிகையில் வாசித்து, இரண்டாம் தரம் புட்டுப் போடச் சொல்லிக்கொண்டே கவலைப்படுவார். அந்த வருடக் கோயில் திருவிழாவில், அன்னதானப் பந்தியிலே, மூன்றாவது முறை பாயாசம் வாங்கிக்கொண்டு எழும்பும்போது தலை சுற்றி விழுந்தார். பாயாசம் ஒரு சொட்டும் சிந்தவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மனைவி இராசமணி அவரை ஊர்காவற்றுறைக்கு, டொக்டர் கிறிஸ்தோப்பரிடம் கூட்டிக்கொண்டு போனாள். கிறிஸ்தோப்பர் நல்ல மனிதர், நல்ல வைத்தியர். சலத்தில் சீனி, இரத்தத்தில் அழுத்தம், உடம்பில் இருபது இறாத்தல் அளவுக்கு மேலதிகம் என்று கண்டுபிடித்தார். அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு வீட்டின் நிம்மதி தப்பியிருக்கும். ஆனால் வைத்தியர் விளங்கப்படுத்த ஆசைப்பட்டார்.

"ஐயா, நீங்கள் கணக்குக் கந்தோரிலை இருந்தனீங்கள். அந்த மாதிரியே சொல்லுறன். சாப்பாட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கு. கலோரி எண்டு சொல்லுறது. உங்களுக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு. அதுதான் சம்பளம் எண்டு வையுங்கோ. அதுக்குள்ளை சீவிச்சுக்கொள்ள வேணும்."

"மிச்சம் பிடிச்சால்?"

"நல்லது. உடம்பு குறையும்."

"அப்ப, கடன்?"

டொக்டர் சிரித்தார். அவர் அதைப் பகிடி என்று நினைத்துவிட்டார். பிறகு சோறு, புட்டு, மீன், தேங்காய் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கலோரி என்று அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார்.

போகும்போது செத்த வீட்டுக்குப் போகிறவர் போலப் போன அம்பலவாணர், வரும்போது பதவி உயர்வு கிடைத்தவர் போல வந்தார். சாப்பாட்டைக் குறை என்றிருந்தால் அவர் செத்தே போயிருப்பார். கணக்கு வை என்றல்லவா சொல்லியிருக்கிறது! அன்றைக்கே ஒரு பெரிய கொப்பி வாங்கிக் கோடு போட்டார். குசினிக்கு ஒரு தராசு வந்தது. இராசமணி புட்டை நிறுத்தாள், மீனை நிறுத்தாள், தேங்காய்ப்பூவையும் நிறுத்தாள். நிறுத்ததை வாசலில் நின்று உரத்த குரலில் சொல்ல, அவர் கதிரையில் இருந்தபடி எழுதினார்.

முதல் கிழமை ஒழுங்காகப் போனது. ஆனால் ஆள் பழைய ஆள்தானே. இரண்டாம் கிழமை ஒரு பின்னேரம், அன்றைய கணக்கில் கொஞ்சம் மிச்சம் கிடப்பதைக் கண்டார். அரசாங்கத்தில் செலவழியாத பணம் வருடக் கடைசியில் திறைசேரிக்குத் திரும்பிப் போய்விடும். போக விட்டவன் மடையன். ஆகவே பொழுது பட முதல் மிச்சம் முழுவதும் பனங்கட்டியாகச் செலவாகியது. அடுத்து, வாசிகசாலைக்கு நடந்து போய்வருவதற்குப் பிரயாணப்படி உண்டு என்று தீர்மானித்தார். அந்தப் படியை வாசிகசாலைக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையிலேயே வடையாக எடுத்துக்கொண்டார். கலியாண வீட்டில் சாப்பிட்டது வெளியார் தந்த நன்கொடை, அது செலவாகாது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வந்தபோது திங்கட்கிழமையிடம் முற்பணம் வாங்கினார். திங்கட்கிழமை பசித்தபோது செவ்வாயிடம் போனார். மாதம் முடியும்போது அவர் தை மாதத்துச் சோற்றைக் கார்த்திகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கணக்கில் பெரிய துண்டு விழுந்துவிட்டது. இரண்டு நாள் கொப்பியைத் திறக்கவே பயந்தார். மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"இஞ்சேரும், இராசமணி," என்று கூப்பிட்டார். "நீர் இண்டைக்கு என்ன சாப்பிட்டனீர்?"

இராசமணி கையில் இருந்த சட்டியைக் கீழே வைத்தாள். கலியாணம் கட்டி முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இந்தக் கேள்வியை இந்த மனிதர் இதுவரைக்கும் கேட்டதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் கேட்டதில்லை. பிள்ளை தங்காமல் போன அந்த வருடமும் கேட்டதில்லை.

"நானோ? காலமை ஒரு வெறும் தேத்தண்ணி குடிச்சனான்," என்றாள். குரல் கொஞ்சம் தடுமாறியது. "இனித்தான் சாப்பிட வேணும். கிடக்கிறதைப் போட்டுச் சாப்பிடுவன்."

"என்ன கிடக்குது?"

"அடிச்சட்டிச் சோறும் கொஞ்சச் சொதியும்."

"நேற்று?"

நேற்றும் அதேதான். முந்தநாள் விரதம். அவள் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொன்றையும் ஆசையோடு எழுதினார். அவள் குசினிக்குள் போய்ச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வயது போகப் போக மனிசனுக்கு அன்பு வருகிறது என்று நினைத்தாள். பாவம், கதிரையில் இருந்தவர் கணக்குக் கூட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கும் ஆயிரத்து ஐந்நூறு என்று வைத்தால், இராசமணி என்ற தலைப்பின் கீழ் நாளாந்தம் பெருந்தொகை செலவழியாமல் வீணாகக் கிடந்தது! ஒரே வீடு, ஒரே குசினி, ஒரே அடுப்பு. இதில் இரண்டு கணக்கு எதற்கு? அன்றைக்கே இரண்டையும் ஒன்றாக்கி, வீட்டுக் கணக்கு என்று தலைப்பிட்டார். துண்டு மறைந்தது. பின்னேரம் பால்புக்கை கேட்டார்.

அன்று முதல் நாளும் தவறாமல் விசாரிப்பார். "என்ன சாப்பிட்டனீர்?" அவள் குறைத்துச் சொன்னால் முகம் மலரும். "கெட்டிக்காரி!" என்பார். ஒருநாள் அவள் அயல் வீட்டில் தந்த மோதகம் இரண்டு தின்றதாகச் சொன்னபோது முகம் சுண்டிவிட்டது. இராசமணிக்கு அந்த முகம் பொறுக்கவில்லை. அடுத்த நாள் அடிச்சட்டிச் சோற்றிலும் பாதியைக் கோழிக்குப் போட்டாள். முப்பது வருடமாக மீன் தீயலுக்கு வாங்காத பாராட்டை, தின்னாமல் இருந்து வாங்கிக்கொண்டாள். கோழிகள் கொழுத்தன. அம்பலவாணரும் கொழுத்தார்.

தை மாதம் டொக்டரிடம் திரும்பப் போக வேண்டிய நாள் வந்தது. கொப்பியைக் கடதாசியில் சுற்றி இராசமணியிடம் தூக்கக் கொடுத்து, பரிசு வாங்கப் போகிற பள்ளிக்கூடப் பிள்ளை போல வெளிக்கிட்டார்.

டொக்டர் அவரைத் தராசில் ஏற்றினார். முள்ளைப் பார்த்தார். இறக்கிவிட்டு இன்னொருமுறை ஏற்றினார்.

"எட்டு இறாத்தல் கூடியிருக்கிறியள்."

"உங்கடை தராசு பிழை," என்றார் அம்பலவாணர். "கொப்பியைப் பாருங்கோ. ஒரு கலோரியும் கூடவில்லை."

டொக்டர் கொப்பியைப் புரட்டினார். உண்மைதான். கூட்டல் பிழை இல்லை, வெட்டுக்குத்து இல்லை, கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

"எல்லாம் சரி. வீட்டுக் கணக்கு எண்டு போட்டிருக்கே, அது என்ன?"

"நானும் இவவும்தான். சேர்த்து வைச்சிருக்கிறன்."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். மூலையில் பையோடு நின்ற இராசமணியை அப்போதுதான் வடிவாகப் பார்த்தார். "அம்மா, நீங்கள் ஒருக்கா இதிலை ஏறுங்கோ," என்றார். அவள் கூச்சத்தோடு ஏறினாள். டொக்டர் அவளுடைய கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், தலை சுற்றுகிறதா என்று கேட்டார். "ஓம், இடைக்கிடை," என்றாள். முதல் தடவை வந்த ஐப்பசியில் கையோடு இவளையும் நிறுத்து எழுதி வைத்திருந்த துண்டு அவரிடம் இருந்தது. அதோடு பார்க்க, எட்டு இறாத்தல் குறைவு.

அம்பலவாணர் மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தார்.

"பாத்தீங்களே டொக்டர், மொத்தம் சரி!"

கிறிஸ்தோப்பர் கோபம் வராத மனிதர் என்று பெயர் எடுத்தவர். அன்றைக்கு அந்தப் பெயர் கெட்டது. பக்கத்து அறையில் மருந்து கலக்கியவர் போத்தலைக் கீழே போடுமளவுக்குச் சத்தம் போட்டார். மனிசியின்ரை இரத்தத்தைக் குடிச்சுப்போட்டுக் கூட்டல் சரியெண்டு சொல்லுறீரோ என்று கேட்டார். 'நீங்கள்' 'நீர்' ஆகிவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை. பிறகு தணிந்து, இராசமணியின் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்களுக்கு இரத்தம் காணாது. முட்டை, பால், ஈரல், மீன் எல்லாம் சாப்பிட வேணும். ஒரு நாளைக்கு இரண்டாயிரத்துக்கு மேலை போனாலும் காரியமில்லை."

இரண்டாயிரத்துக்கு மேலை என்று கேட்டதும் அம்பலவாணரின் தலை நிமிர்ந்தது. கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது. இவளுக்கு ஒதுக்கீடு கூடிவிட்டது என்று அந்த முகத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. இராசமணிக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரியும். இரண்டு மாதத்து அன்பு எதற்காக என்பது அவளுக்கு அந்த இடத்தில், அந்த ஒரு பார்வையில் விளங்கிவிட்டது.

பஸ் நிலையத்தில் அவள் பையை அவரிடம் நீட்டினாள்.

"இதைப் பிடியுங்கோ. நான் நாரந்தனைக்குப் போறன், அக்கா வீட்டை."

"இண்டைக்கோ? உடுப்பு?"

"அக்கான்ரை உடுப்பு எனக்கு அளவுதான். இப்ப இன்னும் அளவாயிருக்கும்."

"எப்ப வருவீர்? இரவுக்கு என்ன செய்யிறது?"

"கொப்பியிலை பாருங்கோ," என்று சொல்லிவிட்டு அவள் நாரந்தனை பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

முதல் இரண்டு நாளும் அம்பலவாணர் ரோசத்தில் இருந்தார். மூன்றாம் நாள் ரோசம் பசித்தது. புட்டுக்கு மா குழைத்தார்; அது களிமண்ணாக வந்தது. சோறு மேலே வேகாமலும் கீழே கரியாகவும் இருந்தது. எழுத வேண்டிய தொகை ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே போயிற்று. வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையான சிக்கனம் நடந்தது, பார்த்துப் பாராட்டத்தான் ஆளில்லை.

பத்து நாள் பொறுத்து நாரந்தனைக்குப் போனார். படலையைத் திறந்ததும் நின்றுவிட்டார். குசினி வாசலில் பாயில் இருந்து இராசமணி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெரிய கோப்பையில் சோறு, விளைமீன் குழம்பு, பொரித்த முட்டை. அவசரமில்லாமல் குழைத்து, முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்து, மென்று சாப்பிட்டாள். அம்பலவாணருக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது: இவள் சாப்பிட்டு இதுவரைக்கும் தான் கண்டதில்லை. அவர் உண்டு எழும்பி, வெற்றிலை போட்டு, கண்ணயர்ந்த பிறகுதான் அவள் எங்கேயோ நின்றபடி தின்றிருக்கிறாள். இத்தனை வருடமும் எழுதப்படாமல் போன செலவு, அல்லது வரவு. எது என்று அவருக்கே பிடிபடவில்லை.

இராசமணியின் அக்கா செல்லாச்சி கதிரை கொண்டுவந்து போட்டாள். சீனி இல்லாத தேத்தண்ணி கொடுத்தாள்.

"வருத்தக்காரர் நீங்கள், பார்த்துக் குடியுங்கோ," என்றாள்.

"மச்சாள், நான் இவவைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்."

"அவவைக் கேளுங்கோ."

இராசமணி கை கழுவவில்லை. இன்னும் ஒரு பிடி சோறு போட்டுக்கொண்டாள்.

"கணக்கைப் பிரிச்சு வைப்பம்," என்றார் அம்பலவாணர் மெதுவாக. "உமக்கு வேறை, எனக்கு வேறை. நான் உம்மடை பக்கம் தொடமாட்டன்."

"எனக்குக் கணக்கு வேண்டாம். ஒண்டாயிருந்து சாப்பிடுவம். எனக்கு நானே முதல் போட்டுக்கொள்ளுவன்."

"முதலோ?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "ஓம் ஓம், முதல்தான்," என்றார்.

"அப்ப மாசி முடிய வாறன். அக்காவின்ரை கோழியள் இப்பதான் முட்டையிடத் துவங்கினது."

மாசி முடிய வந்தாள். சொன்னபடி முதலில் தனக்குப் போட்டாள். சிரமமாகத்தான் இருந்தது, நடு மீன் துண்டு எதிர்க்கோப்பைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க அம்பலவாணர் பழக வேண்டியிருந்தது. அடுத்த ஆவணியில் டொக்டர் நிறுத்தபோது பன்னிரண்டு இறாத்தல் இறங்கியிருந்தார். இராசமணியின் கன்னம் நிரம்பியிருந்தது. அம்பலவாணர் இதைத் தமது முறையின் வெற்றி என்றே எடுத்துக்கொண்டார். வாசிகசாலையில் அப்படித்தான் சொன்னார். நாரந்தனையைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் விழவில்லை.

அதைக் கேட்ட பென்சன்காரர் சங்கத்தினர், அந்த வருட ஆண்டுக் கூட்டத்தில் உணவும் சிக்கனமும் என்ற பொருளில் பேசும்படி அவரைக் கேட்டுக்கொண்டார்கள். ஒரு மணித்தியாலம் பேசினார். தன்னடக்கம், திட்டமிடல், குடும்ப ஒத்துழைப்பு என்று அடுக்கினார். தலைவர் மாலை போட்டார். பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்த இராசமணி, மடியில் வறுத்த கச்சான் கடலையைக் கொட்டி வைத்துக்கொண்டு, பேச்சு முடியும்வரைக்கும் கோதுடைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.