பொதுச் சுவரில் ஒரு நீலக் கோடு

வடக்கனந்தலில் எங்களுடையது அரை வீடுதான். அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்தபோது நடுவில் ஒரு சுவர் எழுப்பினார்கள். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் சித்தப்பா. சுவர் இரண்டு பேருக்கும் பொது. அதை ஒட்டிய அறையில்தான் பூஞ்சணம் பிடித்தது.

முதலில் இடுப்பு உயரத்தில் ஒரு சாம்பல் நிற வட்டம். பிறகு கறுப்புப் புள்ளிகள், ஈரச் சாக்கு வாடை. வேறு சமயமென்றால் கதவைச் சாத்திவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அக்கா வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவள் படுக்க அந்த ஓர் அறைதான் இருந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இளைப்பு உண்டு. வந்த நாலாம் நாளே உட்கார்ந்தபடி தூங்க ஆரம்பித்தாள்.

அவள் மாமியார் போனில் சுருக்கமாக முடித்துவிட்டார். "பொங்கலுக்குள்ள வூட்ட சரி பண்ணுங்க. இல்லாங்காட்டி நாங்களே கூட்டிகினு போயி பாத்துக்கிறோம்."

தாய்வீட்டுக்கு வந்தவளை வயிற்றோடு திருப்பி அழைத்துப் போனால் எங்கள் ஊரில் அம்மா தெருவில் தலைகாட்ட முடியாது.

அப்போதுதான் சித்தப்பா உதவிக்கு வந்தார். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த நேரம். மறியலோ ஊர்வலமோ, அப்பாவும் அவரும் ஒரே வண்டியில்தான் போவார்கள். "வெளியாளு எதுக்குண்ணா? நம்ம ஆளு ஒருத்தன் கீறான்" என்று ஒரு கொத்தனாரை அனுப்பினார். எங்கள் தெரு வழக்கமே அதுதான். வேலை தெரியுமா என்று யாரும் கேட்க மாட்டார்கள், நம்ம ஆளா என்றுதான் கேட்பார்கள்.

கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்தார். "மழ ஜாஸ்தி. தரையிலேர்ந்து ஓதம் ஏறுது, அவ்ளோதான்." கொத்தினார், பூசினார், வெள்ளை அடித்தார். பத்தே நாளில் வட்டம் திரும்பி வந்தது. அவரும் திரும்பி வந்து பூசினார். மழை விட்டு இரண்டு வாரமாகியும் சுவர் காயவில்லை. தரையிலிருந்து ஏறுகிற ஈரம் இடுப்பு உயரத்தில் எப்படி ஜாஸ்தியாக இருக்கும் என்று கேட்டேன்.

"நீ காலேஜுல இன்னா படிக்கிற பாப்பா?"

"பிசிக்ஸ்."

"அப்ப அத்தப் படி."

வந்த கடுப்பில், கள்ளக்குறிச்சியில் தண்ணீர்க் கசிவு பார்க்கிற ஒருவரைப் போனில் தேடிப் பிடித்தேன். அவர் வந்த அன்று அப்பாவும் சித்தப்பாவும் மனு கொடுக்கும் போராட்டத்துக்குப் போயிருந்தார்கள். ரோட்டை மறித்துவிட்டதால் மனிதர் வரப்பில் பைக்கைத் தள்ளிக்கொண்டு, முழங்கால் வரை சேற்றோடு வந்து நின்றார்.

ஈரம் பார்க்கும் சின்னக் கருவியைச் சுவரில் அழுத்தினார். "அந்தாண்ட இன்னா இருக்குது?"

"சித்தப்பாவோட சாமான் ரூம்."

"பாத்தியா நீ?"

பார்த்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. நான் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவள், லீவுக்குத்தான் வந்திருந்தேன். சித்தியிடம் கேட்டுப் போய்ப் பார்த்தால், சாமான் அறை டைல்ஸ் போட்ட பாத்ரூமாக மாறியிருந்தது. பொதுச் சுவரில் கை கழுவும் தொட்டி. அதன் கழிவுக் குழாயைச் சுவருக்குள்ளேயே பதித்திருந்தார்கள்.

அவர் சொட்டு நீலம் கேட்டார். சித்தி எடுத்துக் கொடுத்தாள். ஒரு பக்கெட் தண்ணீரில் கலந்து தொட்டியில் ஊற்றிவிட்டு எங்கள் பக்கம் வந்து காத்திருந்தோம். ஒரு மணி நேரம் இருக்கும். கட்டிலில் இருந்த அக்காதான் முதலில் பார்த்தாள்.

"ஏய், வருதுடீ."

புது வெள்ளையில் ஒரு நீலக் கோடு மெல்ல இறங்கியது.

"குழாய வெளிய எடுத்துட்டா போதும், ரெண்டு நாள் வேல" என்றார் அவர். பிறகு சித்தியைப் பார்த்து, "இத்த வச்சது யாரும்மா?"

சித்தி தரையைப் பார்த்தாள். "இங்க பூசுனாரே, அவருதான்."

சாயங்காலம் அப்பாவோடு திரும்பிய சித்தப்பாவைக் கையோடு கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினேன். அவர் சுவரைப் பார்க்கவேயில்லை, அப்பாவைப் பார்த்தார். "உங்கிட்ட கேட்டுக்கினுதானண்ணா வச்சேன்."

"உனுக்குத் தெரியுமாப்பா?" என்றேன்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "ஒழுகும்னு கண்டேனா? நாளிக்கு கள்ளக்குறிச்சியில போராட்டம். ஊரே ஒண்ணா நிக்கச் சொல்ல, அண்ணந்தம்பி பாத்ரூமுக்கு அடிச்சிக்கினா சிரிக்க மாட்டானுங்க? அப்புறம் பாக்கலாம், உள்ள போ."

"அக்காவுக்கு மூச்சு வுட முடியல."

"உள்ள போன்றேன்ல."

அன்றே அக்கா தன் மாமியாருக்குப் போன் செய்து வரச் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை எங்கள் வாசலில் இரண்டு வண்டிகள். வேனில் அப்பாவும் சித்தப்பாவும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் கிளம்பினார்கள். காரில் அக்கா ஏறினாள். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

கார் திரும்பிய தெருமுனையிலிருந்து, சுண்ணாம்பு வாளியோடு கொத்தனார் வந்தார்.

"அந்த நீலத்த மட்டும் மறச்சிடச் சொன்னாங்க பாப்பா."

"யாரு, சித்தப்பாவா?"

"இல்ல. உங்கப்பா."

அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அக்காவின் கட்டிலில் உட்கார்ந்தேன். கொத்தனார் இரண்டு முறை கதவைத் தட்டினார். சுவருக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் சித்தி கை கழுவிக்கொண்டிருந்தாள்.