ஆட்டக் கொட்டும் அழுகைக் குரலும்

செம்பூருக்குக் குடிவந்து ஒன்பது மாதமாக, மேல்வீட்டுப் பாட்டில் பாதிதான் எனக்குக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை பகலில் நான் சாப்பிட உட்காரும்போது தொடங்கும். பாடுகிறவனின் குரல் கீழே இறங்காது. கொட்டு மட்டும் கூரை வழியாக இறங்கிச் செம்புத் தண்ணீரை நடுங்க வைக்கும். தாராவியில் பதினைந்து வருஷம் இருந்தவன் நான். அங்கே பக்கத்து வீட்டுச் சண்டை ஒரு சொல் விடாமல் காதில் விழும். பாதி மட்டும் கேட்கும் வீடு எனக்குப் புதிது.

மேலே இருந்தவர் ரொசாரியோ, கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வுபெற்ற கோவாக்காரர். ஒருநாள் படியில் நிறுத்தி, பாட்டுச் சத்தம் தொந்தரவாக இருக்கிறதா என்று இந்தியில் கேட்டார்.

"நஹீ ஸாப், ஆதா ஹி சுனாயீ தேதா ஹை," என்றேன். பாதிதான் கேட்கிறது என்று நான் குறைப்பட்டுக்கொள்வதாக நினைத்தாரோ என்னவோ, சிரித்தபடியே என் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனார்.

கிதார் வாசித்துக்கொண்டிருந்த இங்கிலாந்துப் பையன்கள் சிலர் டிஸ்கோ கொட்டைச் சேர்த்துப் போட்ட பழைய இசைத்தட்டு அது. ஆல்டர்நேட்டிவ் டான்ஸ் என்றார். ஊசியை வைத்ததும் எனக்குத் தெரிந்த கொட்டு வந்தது. பிறகு, நான் கேட்டிராத குரல். கொட்டு ஆடச் சொல்ல, அதன்மேல் அவன் எதையோ பறிகொடுத்தவன்போலப் பாடிக்கொண்டிருந்தான். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் இந்த இரண்டையும் ஒன்றாக நான் கேட்டிருக்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்பு, வள்ளியூர்ப் பக்கத்து எங்கள் ஊரில் அப்பா இறந்த அன்று, பம்பாய் மழையில் ரயிலும் ஓடவில்லை, விமானமும் பறக்கவில்லை. பட்டறையில் தைத்துக் கிடந்த தோல்பைகளுக்கு நடுவே நின்றபடி தம்பி முருகனின் போனை எடுத்தேன்.

"அண்ணே, கொட்டு கேக்கா? சித்தப்பா மவன் ஆடுதான். அப்பாவத் தூக்கப் போறாவ. நீ வைக்க வேண்டிய கொள்ளிய நான்தான் வைக்கணும்ங்காவ. வைக்கட்டாண்ணே?"

கொட்டுக்கு மேலே அம்மாவின் ஒப்பாரி கேட்டது. "வையி" என்றேன். அன்று எனக்கு அழுகை வரவில்லை. மழை விட்டு நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது சாம்பலைக்கூடக் கரைத்திருந்தார்கள்.

ரொசாரியோ பாட்டைப் பட்டென்று நிறுத்தினார். "பசந்த் நஹீ ஆயா?"

அப்போதுதான் என் கன்னம் நனைந்திருப்பது எனக்குத் தெரிந்தது. பிடிக்காமல் இல்லை என்று எப்படிச் சொல்வது? நன்றாக இருக்கிறது, என் அப்பா இறந்துபோனார் என்று தெரிந்த இந்தியில் சொன்னேன்: "அச்சா ஹை. மேரா பாப் மர் கயா."

இப்போதுதான் சேதி வந்ததென்று நினைத்து, பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். எப்போது, எந்த வண்டியில் போகிறாய், டிக்கெட் இருக்கிறதா என்று அடுக்கினார். நாலு வருஷமாயிற்று என்றேன். அவர் ஊசியை மறுபடி முதலிலிருந்தே வைத்தார்.

நான் எழுந்து நின்றேன். கொட்டுக்குக் கால் தானாக நகர்ந்தது. ஆட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. சோபாவுக்கும் ஜன்னலுக்கும் இடையே நான் நடந்தேன். எங்கள் தெரு, தேரடி, வாய்க்கால் பாலம், சுடுகாடு என்று அப்பாவுக்குப் பின்னால் நடந்திருக்க வேண்டிய தூரம். ஜன்னலுக்கு வெளியே மோனோ ரயில் போயிற்று.

இசைத்தட்டின் ஒரு பக்கம் முடிந்தபோது நான் பாலத்தைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. ரொசாரியோ எழுந்துபோய் அதைத் திருப்பிப் போட்டார்.