இறங்கிய முள்

ஹைட்ரஜன் உலோகத்துக்குள் நுழைவதில் மர்மம் ஏதுமில்லை. வாயு மூலக்கூறு மேற்பரப்பில் ஒட்டும். இரண்டு அணுக்களாகப் பிரியும். உலோக அணுக்களின் இடுக்குகளில் தாவித் தாவி உள்ளே போகும். மேலே ஆக்சைடு படிந்திருந்தால் தொடக்கத்தில் வழி கிடைக்காது. காத்திருக்க வேண்டும். எழுபதுகளில் அடையாற்று ஆய்வகம் ஒன்றில் வேலை செய்தபோதே இது எனக்குத் தெரியும். ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வழியில்லை.

என்னோடு ஆய்வு செய்த நண்பன் தி.நகர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவரின் மகன். நான் பலேடியத்தை எடுத்திருந்தேன். அவன் லாந்தனமும் நிக்கலும் சேர்ந்த சேர்மத்தை. இருவருக்கும் ஒரே கருவி. அவன் சேர்மம் குறித்த நாளுக்குள் ஹைட்ரஜனை ஏற்காவிட்டால் தலைப்பையே கைவிடச் சொல்லிவிட்டார் பேராசிரியர். அப்படியானால் கடைக்கு வந்து உட்கார வேண்டும் என்பது அவன் அப்பாவின் கட்டளை.

கெடுவுக்கு முந்தைய மாலை, வாயுவை நிரப்பி வால்வை மூடினோம். உலோகம் வாயுவை ஏற்றால் அழுத்தமானியின் முள் இறங்கும். முள் அசையவில்லை.

"இன்னா மச்சி, உன் உலோகம் உண்ணாவிரதமா?" என்றேன்.

"பசிச்சா துன்னும். நீ கண்ணு வெக்காதே. காலைல கடைல சரக்கு எறங்குது, நான் வர லேட்டாவும். நீ பாத்து சார்கிட்ட சொல்லிடுடா."

காலையில் முள் நன்றாக இறங்கியிருந்தது. கசிவோ என்று இணைப்புகளிலெல்லாம் சோப்பு நீர் தடவினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. மிச்ச வாயுவை வெளியேற்றிக் குழாயைத் திறந்தேன். கட்டியாக வைத்தது சாம்பல் நிறப் பொடியாகக் கிடந்தது. ஹைட்ரஜனை உண்டு, பருத்து, நொறுங்கியிருந்தது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

அவன் ஆய்வு தொடர்ந்தால் கருவிக்காக நான் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பொடியைக் கழுவி ஊற்றினேன். பேராசிரியரிடம் போய், "முள் அசையல சார்" என்றேன்.

மதியம் வந்த நண்பனிடமும் அதையே சொன்னேன். அவன் கட்டியைக்கூடக் கேட்கவில்லை. என் சொல் அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

எனக்குப் பட்டம் கிடைத்தது. கல்யாணப் புடவை எடுக்க அம்மாவோடு அவன் கடைக்குப் போனேன்.

"வாங்க டாக்டர்! வாங்கம்மா. எங்க நூலுக்குள்ள சாயம் எப்படி ஏறியிருக்கு பாருங்க. இதுக்கு ஆராய்ச்சியே வேணாம்."

அம்மா சிரித்தாள். அவள் புடவைகளைப் புரட்டத் தொடங்கியதும் அவன் குரலைத் தாழ்த்தினான்.

"டேய், அன்னிக்கு முள்ளு கொஞ்சங்கூட அசையலயா?"

"இல்லடா."

"சரி, வுடு" என்றவன், அம்மா பக்கம் திரும்பி இன்னொரு புடவையைப் பிரித்துக் காட்டினான்.