இரண்டாவது ஊசி

சர்க்கரை நோயில் கண் போகும்வரை ஜான் பழவேற்காடு ஏரியில் இறால் பிடித்தவர். பிறகு ஒன்பது வருடமாக வீட்டோடு இருந்தார். தினமும் காலை ஏழு மணிக்கு அவர் வயிற்றில் இன்சுலின் ஊசி போடுவது மனைவி மார்கரெட்டின் வேலை.

அறுபத்தேழு வயதில் அவளுக்கு நினைவு நழுவத் தொடங்கியது. குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். ஒருநாள் பொன்னேரி பஸ்ஸில், எதற்குப் போகிறோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"முழு மறதி நோய் இல்லம்மா, அதுக்கு முந்தின நிலை. சிலருக்கு இப்படியே நிக்கும், சிலருக்கு முத்திடும். பழகின வீட்ல இருந்தா சமாளிக்கலாம்" என்றார் டாக்டர்.

மகள் ஜெபசெல்வி காலண்டர் மாட்டி, ஊசி போட்டதும் தேதியைச் சுழிக்கச் சொன்னாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மார்கரெட் ஊசி போட்டு முடித்ததும், தேதியைச் சுழிக்கும் முன்பே, பக்கத்து வீட்டுச் செவ்வந்தி வாசலில் கூப்பிட்டாள். மார்கரெட் பேசிவிட்டு உள்ளே வந்தாள். காலண்டரில் சுழி இல்லை.

"இப்பத்தானே போட்ட?" என்றார் ஜான்.

"ஊசின்னாலே உனக்குப் பொய்தான். சட்டைய தூக்குய்யா."

ஊசிக்குப் பயந்து அவர் முன்பு பொய் சொன்னதுண்டு. அதோடு, தப்பு என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் அவள் அழுதுவிடுகிறாள். ஜான் சட்டையைத் தூக்கினார்.

அரை மணியில் வேர்த்துக் கொட்டி, நாக்குக் குழறிச் சாய்ந்தார். செவ்வந்திதான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். பொன்னேரியில் குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றினார்கள்.

ஜெபசெல்வி மீஞ்சூரிலிருந்து வந்தாள். "நைனாவ கூட்டினு போறேன். நீயும் வாம்மா."

போன வருடம் அங்கே தங்கிய ஒரு வாரத்தில், மாடிப்படி இறங்கிய மார்கரெட்டுக்கு மகள் வீடு எதுவென்று தெரியாமல் போயிருந்தது.

"அங்க எனக்கு அடுப்பு எங்கன்னுகூட தெரியாது. இவர இட்டுனு போ. இனிமே என் கையில ஊசிய குடுக்காத."

ஜான் அவள் கையைத் தேடிப் பிடித்தார்.

அதன்பின் தினமும் காலையில் மார்கரெட் மீஞ்சூருக்குப் போன் செய்வாள். "ஊசி போட்டாளா?"

"போட்டாச்சு மார்கரெட்டு."

ஒருநாள் போனை மகள் எடுத்தாள். "அம்மா, நான் வேலைக்குப் போவணும். நைனா இன்னும் சாப்பிடல. வெச்சிடு."

அன்று காலை எத்தனை தரம் கூப்பிட்டோம் என்று மார்கரெட்டுக்கு நினைவில்லை. மகள் குரலைக் கேட்டபின், நிறைய தரம் என்று புரிந்தது. மறுபடி கூப்பிட்டுவிடக் கூடாதென்று, போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள்.