நெடுந்தீவின் ஒரே நீர்வீழ்ச்சி

நெடுந்தீவில் காலை பதினொரு மணி. நானும் மனைவி கலாவும் முதுகுப்பைகளோடு, கைபேசி வரைபடத்தில் யாரோ ‘காட்டு நீர்வீழ்ச்சி’ என்று போட்டுவைத்த புள்ளியில் நிற்கிறோம். காடும் இல்லை, வீழ்ச்சியும் இல்லை. பவளக்கல் வேலி, நாலைந்து பனை, எங்களைக் கணக்கெடுக்காத ஒரு குதிரை.

நாங்கள் மலைநாட்டு ஹட்டன்காரர். அருவி பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்ற நினைப்பில், இரத்தம் உறிஞ்சும் அட்டைக்குப் பயந்து காலில் சவர்க்காரம் பூசி வந்திருக்கிறோம். அருவியிலேயே குடிக்கலாம், பாரம் எதற்கு என்று வெறும் போத்தல்களைக் கொண்டுவந்தது என் யோசனை. கலா அதை மூன்றாவது முறை நினைவுபடுத்துகிறாள்.

சைக்கிளில் பிளாஸ்டிக் தண்ணீர்க் கான் கட்டி உருட்டி வரும் அக்காவிடம் வழி கேட்கிறேன்.

“நீர்வீழ்ச்சியோ? இஞ்ச மேலயிருந்து விழுறதெண்டா பனங்காய் மட்டும்தான், தம்பி.” கலாவின் காய்ந்த உதட்டைப் பார்க்கிறார். “வாங்கோ, தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”

வீட்டு வாசலில் கானைச் சரித்துச் செம்பில் வார்த்துத் தருகிறார். கலா குடிக்கிறாள். மறுபடி நிரப்பி என்னிடம் நீட்டுகிறார். நான் ஊர்ப் பழக்கத்தில் முதலில் முகத்தில் அடித்துக் கழுவுகிறேன்.

“ஐயோ தம்பி! அது குடிக்கிற தண்ணியெல்லே! ரெண்டு கட்டை தூரம் போய்க் கொண்டாறனான். முகம் கழுவ உப்புக் கிணறு கிடக்கு!”

நெடுந்தீவின் ஒரே நீர்வீழ்ச்சி என் தாடையிலிருந்து மண்ணில் விழுகிறது. அது வற்றும்வரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.